‘லாக் இன்’ என்பதில் உள்ள ‘லாக்’ பூட்டா, கட்டையா, கணக்கா?

கடையம் வாசகரின் கேள்வி, 3 ஜூன் 2023

அண்ணாச்சி, நான் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். ‘லாக் இன்’ என்றால் பூட்டைத் திறந்து உள்ளே போவது என்றும், கடவுச்சொல்தான் அதற்குச் சாவி என்றும், ‘லாக் அவுட்’ என்றால் வெளியே வந்து பூட்டிவிடுவது என்றும் கணினி வகுப்பில் சொல்லித் தந்தார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே பட்டது. ஆனால் அகராதியைப் புரட்டினால் அந்தச் சொல்லுக்கு முதற்பொருள் மரக்கட்டை என்று போட்டிருக்கிறது. கடவுச்சொல்லுக்கும் மரக்கட்டைக்கும் என்ன உறவு?

4 ஜூன்

பூட்டுக்கும் இதற்கும் உறவு இல்லை, தம்பி. பூட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘கே’ என்ற எழுத்தில் முடிகிறது. கணினித் திரையில் நீங்கள் காணும் சொல் ‘ஜி’ என்ற எழுத்தில் முடிகிறது. தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ‘க்’ ஒன்றுதான் கிடைக்கிறது. பேசும்போதும் நம்மில் பெரும்பாலோர் இரண்டையும் ஒரே ஒலியாகவே சொல்கிறோம். காதில் விழுவது ஒன்றாக இருப்பதாலும், கடவுச்சொல்லைச் சாவியாக நினைப்பது எளிதாக இருப்பதாலும் பூட்டு வந்து ஒட்டிக்கொண்டது.

இலக்கணமும் அந்த விளக்கத்துக்கு இடம் கொடுக்காது. பூட்டுதல் என்ற வினையோடு ‘இன்’ சேர்த்தால் ஒருவரை உள்ளே வைத்துப் பூட்டுவது என்று பொருள். ‘அவுட்’ சேர்த்தால் ஒருவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவது என்று பொருள். ஆலைகளில் நிர்வாகம் அறிவிக்கும் கதவடைப்புக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான். கணினியில் இருப்பதும் அதே சொல் என்று கொண்டால், தன் மின்னஞ்சலைத் திறப்பவர் தன்னைத்தானே அறைக்குள் போட்டுப் பூட்டிக்கொள்கிறார் என்றல்லவா ஆகும்?

அகராதியில் நீங்கள் பார்த்த மரக்கட்டைதான் சரியான தொடக்கம். அங்கிருந்து கடவுச்சொல்வரை வருவதற்குச் சற்றுத் தொலைவு உண்டு. நிதானமாக எழுதுகிறேன்.

4 ஜூன், இரவு

சங்கரன்கோவிலில் இருந்து கணக்கு ஆசிரியர் ஒருவர், ‘லாக்’ என்பது மடக்கையின் சுருக்கம் ஆயிற்றே, கணினியே கணக்குப் போடப் பிறந்த இயந்திரம் ஆயிற்றே என்று கேட்டிருக்கிறார். மடக்கைக்கு உரிய ஆங்கிலச் சொல்லை ஜான் நேப்பியர் ஆக்கி, 1614இல் வெளியிட்டார். விகிதம் என்ற பொருளில் அவர் எடுத்துக்கொண்ட ‘லோகோஸ்’, எண் என்று பொருள்படும் ‘அரித்மோஸ்’ ஆகிய கிரேக்கச் சொற்கள் இரண்டும் அதில் சேர்ந்திருக்கின்றன. அந்த நீண்ட சொல் சுருங்கித்தான் நம் மாணவர்கள் சொல்லும் ‘லாக் டேபிள்’ வந்தது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் அதன் பிறப்பு வேறு, கட்டையின் பிறப்பு வேறு.

6 ஜூன்

கரை கண்ணுக்குத் தெரியும்வரை ஒரு கப்பலின் வேகத்தைக் கணக்கிடுவது எளிது. நடுக்கடலில் ஒப்பிட்டுப் பார்க்க எந்த அடையாளமும் கிடையாது. வேகம் தெரியாவிட்டால் கடந்த தூரம் தெரியாது, தூரம் தெரியாவிட்டால் எங்கே இருக்கிறோம் என்பதும் தெரியாது. இதற்கு ஐரோப்பிய மாலுமிகள் கைக்கொண்ட வழி, கயிற்றில் கட்டிய மரக்கட்டை ஒன்றைக் கப்பலின் பின்பக்கத்தில் இருந்து நீரில் வீசுவது. இம்முறையைப் பற்றிய அச்சிட்ட விவரம் 1574இல் வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட கடற்பயண நூலிலேயே வருகிறது.

பிற்காலத்தில் அந்தக் கட்டை கால்வட்ட வடிவில் அறுத்த பலகையாக மாறியது. வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பார்கள். அதனால் அது நீரில் நட்டமாக நின்று, கப்பலோடு இழுபடாமல் ஏறத்தாழப் போட்ட இடத்திலேயே இருக்கும். கப்பல் முன்னேற முன்னேற, உருளையில் சுற்றிய கயிறு அவிழ்ந்து ஓடும். கயிற்றில் சம இடைவெளிகளில் முடிச்சுகள் போட்டிருக்கும். ஒருவர் மணற்கடிகையைக் கவிழ்த்துப் பிடிக்க, மணல் முழுவதும் இறங்கி முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் ஓடின என்று இன்னொருவர் எண்ணுவார். 28 நொடிக் கடிகைக்கு முடிச்சுகளின் இடைவெளி 47 அடி 3 அங்குலம் என்பது பின்னர் வழக்கமான அளவு ஆயிற்று.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கணக்கு ஆசிரியர் கட்டாயம் கேட்பார் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கடல் மைல் ஏறத்தாழ 6,080 அடி. ஒரு மணி நேரம் 3,600 நொடி. ஒரு மணியில் ஒரு கடல் மைல் போகும் கப்பல் 28 நொடியில் 47 அடியும் மூன்று அங்குலத்தை ஒட்டியும் போயிருக்கும். ஆகவே ஓடிய முடிச்சுகளின் எண்ணிக்கையே மணிக்கு எத்தனை கடல் மைல் என்ற விடையைப் பெருக்கலும் வகுத்தலும் இல்லாமல் தந்துவிடுகிறது. எழுத்தறியாத மாலுமியும் இந்த அளவை எடுத்துவிடலாம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கயிற்றின்மேல் பெரிய மதிப்பு உண்டாகிறது.

எண்ணிய எண்ணை உடனே எழுதி வைக்க வேண்டும். கீல் வைத்து ஏடுபோல மூடித் திறக்கும் இரண்டு பலகைகளில் சாக்கட்டியால் நேரம், வேகம், திசை, காற்று ஆகியவற்றைக் குறித்து, பிறகு அவற்றைத் தாள் புத்தகத்தில் பெயர்த்து எழுதினார்கள். கட்டையின் பெயர் அந்தப் பலகைக்கும், அங்கிருந்து புத்தகத்துக்கும் ஏறியது. நாம் ‘லாக் புக்’ என்பது அதைத்தான். 19ஆம் நூற்றாண்டில் அதே சொல் வினையாகவும் ஆகி, அந்த ஏட்டில் ஒன்றை எழுதிச் சேர்ப்பதைக் குறித்தது.

7 ஜூன்

உவரியில் இருந்து எழுதும் மீனவ அன்பர், தம் படகில் உள்ள ஜி.பி.எஸ். கருவி வேகத்தை இன்றும் ‘நாட்’ கணக்கில்தான் காட்டுகிறது, அதற்கு முடிச்சு என்று பொருள் என்பது இன்றுதான் தெரிந்தது என்கிறார். ஆம், அதே முடிச்சுதான். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். கயிறும் கட்டையும் மணற்கடிகையும் போய்விட்டன. செயற்கைக்கோளைப் பார்த்துக் கணக்கிடும் கருவி அவற்றின் அலகை வைத்துக்கொண்டிருக்கிறது.

சேரன்மகாதேவி வாசகர் ஒருவர், வாய்க்கால் நீரின் வேகத்தைப் பாசனத் துறையினர் மிதவை போட்டு அளப்பதைச் சிறு வயதில் கன்னடியன் கால்வாயில் பார்த்ததாகச் சொல்கிறார். கணக்கு அதே கணக்குத்தான். அங்கே கரையில் இரண்டு குறிகளை நட்டுவிட்டு, மிதவை ஒன்றில் இருந்து மற்றொன்றுக்குப் போக எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பார்கள். அங்கே கரை நிற்கிறது, மிதவை ஓடுகிறது. கப்பலில் மிதவை நிற்கிறது, பார்ப்பவர் ஓடுகிறார்.

8 ஜூன்

பாளையங்கோட்டையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் எழுதியிருப்பது இந்த உரையாடலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கட்டையின் பெயர் அதனால் எடுத்த அளவுக்கும், அளவை எழுதிய ஏட்டுக்கும், ஏட்டில் எழுதும் செயலுக்கும் ஆகி வந்திருப்பதை நம் இலக்கணத்தில் ஆகுபெயர் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோமே என்று அவர் நினைவூட்டுகிறார். ஒரு படி கடந்து ஆவதும் உண்டு, பல படிகள் கடந்து ஆவதும் உண்டு. மும்மடியாகுபெயருக்கு வழிவழியாகக் காட்டும் எடுத்துக்காட்டு ‘கார் அறுத்தான்’ என்பது: கார் என்ற கருமை மேகத்துக்கு ஆகி, மேகம் மழை பெய்யும் பருவத்துக்கு ஆகி, பருவம் அதில் விளையும் பயிருக்கு ஆகிறது.

தாமிரபரணிப் பாசனத்தில் இருப்பவருக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு வேண்டுமா? இந்த ஜூன் மாதத்தில் காருக்கு நாற்றுப் பாவிக்கொண்டிருக்கும் எவரும் அந்தச் சொல்லில் கறுப்பு நிறம் இருப்பதை நினைப்பதில்லை. பயிரைத்தான் நினைக்கிறார்கள். அதே வழியில்தான் கணினியின் முன் உட்காருபவர் கட்டையை நினைப்பதில்லை. கடையத்துத் தம்பிக்கு ஆசிரியர் சொன்ன விளக்கம் பிறந்ததும் இந்த மறதியில்தான். பழைய படிகள் மறந்துபோனால் மனம் கிட்டத்தில் கிடைக்கும் வேறு ஒன்றை, இங்கே பூட்டை, இழுத்துப் பொருத்திக்கொள்கிறது.

9 ஜூன்

இதுவரை ஏட்டுக்கு வந்திருக்கிறோம். ‘இன்’ என்றும் ‘அவுட்’ என்றும் பின்னால் வரும் சிறு சொற்களை இனிப் பார்க்க வேண்டும். என் கருத்தில் இதுதான் இந்தக் கேள்வியின் நடுப்புள்ளி, அதற்கு என் வேலையில் இருந்தே சான்று சொல்ல முடியும்.

நான் துணைமின் நிலையங்களில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு ஃபீடரின், அதாவது ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைனின், மின்னோட்டத்தையும், வோல்டேஜையும், டிரான்ஸ்பார்மர் எண்ணெயின் சூட்டையும் படித்து ‘லாக் ஷீட்’டில் எழுத வேண்டும். மின்சாரத்தைத் துண்டிக்கும் எந்தப் பிரேக்கர் எத்தனை மணிக்கு ட்ரிப் ஆனது, அதை விழச் செய்யும் எந்த ரிலே வேலை செய்தது, மறுபடி எப்போது சார்ஜ் செய்தோம், அதாவது மின்சாரம் கொடுத்தோம் என்பவை ‘லாக் புக்’கில் ஏறும். ஷிப்ட் மாறும்போது வருகிறவர் அதைப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே போகிறவர் போகலாம்.

அந்தப் புத்தகத்தில் மிகக் கவனமாக எழுதுவது எல்.சி. விவரம். எல்.சி. என்பது ‘லைன் கிளியர்’, லைனில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று, வேலை செய்யலாம் என்ற அனுமதி. லைனில் ஏறி வேலை செய்ய வேண்டிய ஊழியர் முதலில் எங்களிடம் எல்.சி. கேட்பார். பிரேக்கரைத் திறந்து, ஐசொலேட்டர் என்ற இரண்டாவது துண்டிப்பானையும் திறந்து, லைனைத் தரையோடு இணைத்து எர்த் செய்து, அவர் பெயர், எந்த ஃபீடர், எத்தனை மணி என்று எழுதியபின் எல்.சி. தருவோம். வேலை முடிந்ததும் வாங்கியவரே அதை ரிட்டர்ன் செய்ய வேண்டும். அந்த நேரத்தையும் எழுதி, எர்த்தை எடுத்த பிறகுதான் சார்ஜ் செய்வோம். ஒரே ஃபீடரில் இரண்டு பேர் தனித்தனியாக எல்.சி. வாங்கியிருந்தால், ஒருவர் ரிட்டர்ன் செய்துவிட்டார் என்பதற்காக மின்சாரம் கொடுத்துவிட முடியாது.

மானூர்ப் பக்கத்து ஃபீடர் ஒன்றில் ஒரு மாலை இப்படி எல்.சி. நிலுவையில் நின்றது. கிணற்றுப் பாசனக்காரர்கள் மோட்டார் ஓடவில்லை என்று தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு உடன் வேலை செய்த ஊழியர் ஒருவர் அழைத்து, ‘அவர் கம்பத்தில் இருந்து இறங்கிவிட்டார், என் கண்ணால் பார்த்தேன், சப்ளை கொடுங்கள்’ என்றார். சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்ததும் உண்மைதான். ஆனால் புத்தகத்தில் எல்.சி. வாங்கியவரின் பெயருக்கு நேரே ரிட்டர்ன் இல்லை. அவரே பேசட்டும் என்று சொல்லிவிட்டேன். நேரம் கழித்து அவரே அழைத்தார். முதல் கம்பத்தில் இறங்கியவர் அடுத்த கம்பத்தில் ஏறி ஜம்பர் என்ற இணைப்புக் கம்பியைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் என் புத்தகத்தில் ‘இன்’ ஆகியிருந்த நேரமெல்லாம் என் கட்டுப்பாட்டு அறைக்குள் அவர் கால் வைக்கவே இல்லை. பல மைல்களுக்கு அப்பால் வெயிலில் நின்றார். ஆகவே இந்த ‘இன்’ இடத்தைச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் பெயரில் ஒரு கணக்கு திறந்தது என்பதைச் சொல்கிறது. ‘அவுட்’ என்பது அந்தக் கணக்கு முடிந்தது என்பதைச் சொல்கிறது. இரண்டும் ஒரே பதிவின் இரு முனைகள்.

10 ஜூன்

விக்கிரமசிங்கபுரத்து அன்பர் எழுதியது: தம் தாத்தா நூற்பாலையில் வேலை பார்த்தவர். பேரன் தொலைபேசியில் யாரிடமோ ‘லாக் அவுட் பண்ணிட்டேன்’ என்று சொன்னதைக் கேட்டுப் பதறி எழுந்து, ‘எந்த மில்லில்டே?’ என்று கேட்டாராம். அந்தத் தலைமுறைக்கு அந்த ஒலிக்கு ஒரே பொருள்தான் உண்டு, அது ஆலைக் கதவடைப்பு, வீட்டு அடுப்பில் உலை ஏறுமா என்ற கவலை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த பிறகு அந்தப் பெரியவரின் பதற்றத்தையும் நினைத்துக்கொண்டேன்.

அவரே ஆலையில் அட்டை பஞ்ச் செய்ததைப் பற்றியும் கேட்டிருக்கிறார். பொருத்தமான கேள்வி. வேலைக்கு வந்த நேரத்தைக் கடிகாரத்தில் பதிவதை ஆங்கிலத்தில் ‘கிளாக் இன்’ என்றும், போகும் நேரத்தைப் பதிவதைக் ‘கிளாக் அவுட்’ என்றும் சொல்கிறார்கள். அங்கும் கடிகாரத்துக்குள் யாரும் நுழைவதில்லை. கையெழுத்திட்டு வருகையைப் பதிவதும், விடுதியில் பெயர் கொடுத்து அறை எடுப்பதும் இதே அமைப்பில் உள்ள வினைகள்தான். முதற்சொல் பதிவு செய்யும் வகையைச் சொல்கிறது. ‘இன்’, ‘அவுட்’ என்பவை பதிவின் எந்த முனை என்று சொல்கின்றன.

ஊழியரின் நேரத்தைப் பதியும் கடிகாரத்தை 1888இல் வில்லார்ட் பண்டி என்ற நகை வணிகர், நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் என்ற ஊரில் உருவாக்கினார். அவர் குடும்பத்தின் கடிகாரத் தொழில் வேறு சில நிறுவனங்களோடு கலந்து, 1911இல் ஒரு பெரிய கூட்டு நிறுவனத்தில் அடங்கியது; அந்த நிறுவனம் 1924இல் ஐ.பி.எம். என்று பெயர் மாற்றிக்கொண்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த குறிப்பில் தேவைப்படும்.

13 ஜூன்

1950களில் ஒரு கணினியை ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் ஆண்டது. துளையிட்ட அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டுப் போய், மறுநாளோ அதற்குப் பிறகோ வந்து விடையை வாங்க வேண்டும். பல பேர் பல முனையங்களில், அதாவது கணினியோடு இணைத்த தட்டச்சுக் கருவிகளில், உட்கார்ந்து ஒரே இயந்திரத்தை ஒரே வேளையில் பயன்படுத்தும் ஏற்பாட்டை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் தலைமையில் ஒரு குழு உருவாக்கி, 1961 நவம்பரில் செய்து காட்டியது. சி.டி.எஸ்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்த ஏற்பாடு ஓடியது ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரிய கணினிகளில். தொழிலாளியின் வருகையைப் பதிந்த கடிகாரத்தின் குடும்பமும், பயனரின் வருகையைப் பதிந்த கணினியின் குடும்பமும் ஒன்று என்பதை நான் ஒரு சான்றாக வைக்கவில்லை. அப்படி அமைந்திருப்பது மகிழ்ச்சி தருகிறது என்பதால் சொல்கிறேன்.

பயனர்களுக்காக 1963இல் வெளியான அதன் கையேட்டிலேயே ‘லாகின்’, ‘லாக்அவுட்’ என்ற கட்டளைகள் இருக்கின்றன. அந்தச் சூழ்நிலையை எண்ணிப் பாருங்கள். இயந்திரத்தின் நேரம் பொன்னைப் போன்றது. ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நேரம் என்று பங்கு உண்டு. யார் எப்போது தொடங்கினார், எவ்வளவு எடுத்துக்கொண்டார், எப்போது முடித்தார் என்று இயந்திரமே எழுதி வைக்க வேண்டும். ஆகவே முனையத்தில் உட்காருகிறவர் செய்யும் முதல் வேலை தம் பெயரை ஏட்டில் ஏற்றுவது, கடைசி வேலை கணக்கை முடித்துவிட்டுப் போவது. இன்னார் என்று சொல்பவர் உண்மையிலேயே அவர்தாமா என்று சரிபார்ப்பதற்குக் கடவுச்சொல் வந்து சேர்ந்தது.

நேரப்பங்கு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அது அவருக்குப் போதவில்லை. 1962இல் அவர் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுக்கும்படி துளையட்டை வழியே கணினிக்குச் சொல்லி, மற்றவர்களின் பெயரில் நேரத்தை எடுத்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்துத் தாமே அதை ஒத்துக்கொண்டார். அவர் திருடியது யாருடைய கடிதத்தையும் அன்று, பிறர் கணக்கில் இருந்த நேரத்தை. ‘லாக்’ என்ற சொல் அங்கே ஏன் பொருந்தியது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் தேட மாட்டேன்.

14 ஜூன்

‘லாக் ஆன்’, ‘லாக் ஆஃப்’ என்பவை வேறு வினைகளா என்று தென்காசியில் இருந்து கேள்வி. பொருளில் வேறுபாடு இல்லை. ஐ.பி.எம். கணினிகளில் ‘லாகான்’ என்ற கட்டளை வழங்கியது. யூனிக்ஸ் என்ற இயக்குதளத்தின் வழியில் வந்த கணினிகளில் ‘லாகின்’ நிலைத்தது. இரண்டும் புழக்கத்தில் உள்ளன.

18 ஜூன்

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சு எழும் என்று எதிர்பார்த்தேன். நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். தமிழில் இரண்டு சொற்கள் பரவலாக ஓடுகின்றன. பல இணையதளங்களும் செயலிகளும் ‘உள்நுழை’, ‘வெளியேறு’ என்று எழுதுகின்றன. தமிழ் விக்கிப்பீடியா ‘புகுபதிகை’, ‘விடுபதிகை’ என்று எழுதுகிறது.

முதல் வகை ‘இன்’னை மட்டும் பிடித்துக்கொண்டு ‘லாக்’கைக் கைவிட்டுவிட்டது. இரண்டாவது வகையை ஆக்கியவர்கள் ‘பதி’ என்ற வினையை நடுவில் வைத்திருக்கிறார்கள். புகும்போது செய்யும் பதிவு, விடும்போது செய்யும் பதிவு. பதிவேடு, பேர் பதிதல், பத்திரப்பதிவு என்று நம் வாழ்க்கை முழுவதும் புழங்கும் ‘பதி’ அது. ‘வலைப்பதிவு’ என்ற சொல்லையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இணையத்தில் எழுதும் நாட்குறிப்புக்கு ‘வெப்லாக்’ என்று ஜோர்ன் பார்கர் 1997இல் பெயர் வைத்தார்; 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை ‘வீ பிளாக்’ என்று வேறு இடத்தில் பிரித்துப் படிக்க, ‘பிளாக்’ என்று சுருங்கியது. தமிழில் அதற்கு ‘வலைப்பதிவு’ என்று பெயரிட்டவர்களும் கப்பலின் ஏட்டில் இருந்த பொருளைக் கைவிடவில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருக்கும் இடங்களில் எல்லாம் தமிழிலும் ஒரே வேர் நிற்பது சிறிய காரியம் அன்று. அதைச் செய்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

19 ஜூன்

பாளையங்கோட்டை அம்மையார் மறுத்து எழுதியிருக்கிறார். இ-சேவை மையத்துக்கு வரும் முதியவருக்கு ‘உள்நுழை’ என்றால் கேட்டவுடன் விளங்குகிறது, ‘புகுபதிகை’ என்றால் யாராவது விளக்க வேண்டியிருக்கிறது, சொல் யாருக்காக என்பதையும் பார்க்க வேண்டாமா என்கிறார்.

இதை இரவு முழுவதும் யோசித்தேன். ஆங்கிலம் பேசுகிறவர்களே இன்று இதை ஓர் இடத்துக்குள் போவதாகத்தான் உணர்கிறார்கள். ‘இன்’னையும் ‘டு’வையும் ஒட்டி ‘இன்டு’ என்று ஆக்கி எழுதும் வழக்கம் அதனால் பெருகியிருக்கிறது. கார் என்றால் பயிர் என்று நாம் எடுத்துக்கொள்வது சரி என்றால், அவர்கள் இதை நுழைவதாக எடுத்துக்கொள்வதும் சரிதான். ஆகவே திரையில் ‘உள்நுழை’ என்று இருப்பதை நான் எதிர்க்கவில்லை. அம்மையார் சொல்வது நியாயம்.

ஆனால் ‘வெளியேறு’ என்பதில் எனக்குத் தடை இருக்கிறது. வெளியேறுவது என்றால் எழுந்து போவது. நெட் சென்டரில் மின்னஞ்சலைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்துபோகும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் ‘அதான் வெளிய வந்துட்டேனே’ என்பார்கள். சன்னலை மூடினார்கள், நாற்காலியை விட்டு எழுந்தார்கள், கதவைத் தாண்டினார்கள். அவர்கள் பெயரில் திறந்த கணக்கு மட்டும் அப்படியே கிடக்கிறது, அடுத்து உட்காருகிறவர் அந்தப் பெயரிலேயே எதையும் எழுதலாம், அனுப்பலாம். கம்பத்தில் இருந்து இறங்குவது வேறு, எல்.சி.யை ரிட்டர்ன் செய்வது வேறு. உள்ளே போகும்போது எந்தச் சொல் இருந்தாலும் கடவுச்சொல் கேட்டு இயந்திரமே நம்மை நிறுத்தும். போகும்போது நிறுத்த யாரும் இல்லை. அந்த இடத்தில் சொல்தான் நினைவூட்ட வேண்டும். ‘விடுபதிகை’ அதைச் செய்கிறது. அது கடினம் என்றால் ‘கணக்கை முடி’ என்று எழுதினாலும் எனக்குச் சம்மதம்.

20 ஜூன்

மானூர் வாசகர் ஒருவர் சேர்த்தது: தம் தாயார் நூறு நாள் வேலைக்குப் போகிறார், முன்பு மஸ்டர் ரோல் என்ற வருகைப் பட்டியலில் கையெழுத்து, இப்போது செயலியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்துப் பதிகிறார்கள். ‘காலையில பதிஞ்சாச்சு, மத்தியானம் பதியணும்’ என்றுதான் அவர்கள் பேசிக்கொள்கிறார்களாம். அம்மையார் பார்வைக்கு இதை வைக்கிறேன். ‘பதி’ என்ற சொல் வயற்காட்டில் விளக்கம் இல்லாமலே விளங்குகிறது; ‘புகுபதிகை’ என்று கூட்டும்போதுதான் கனத்துவிடுகிறது. ‘பதிந்து நுழை’, ‘பதிந்து விடு’ என்று இன்னும் எளிமையாக ஆக்க முடியுமா என்று தமிழ் கற்பிப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

25 ஜூன்

கடையத்துத் தம்பி தாம் எழுதிய வாக்கியங்களை அனுப்பித் திருத்தச் சொல்லியிருக்கிறார்.

‘ஐ லாகின்ட் யெஸ்டர்டே’ என்பது பிழை. வினை ‘லாக்’ மட்டும்தான். இறந்தகால விகுதி அதோடுதான் ஒட்டும், ‘இன்’ தனியே நிற்கும்: ‘ஐ லாக்ட் இன் யெஸ்டர்டே’. ‘ஹேவ் யூ லாகின்’ என்பதும் அதே காரணத்தால் பிழை. ‘ஹேவ் யூ லாக்ட் இன்’ என்று இருக்க வேண்டும்.

‘மை லாகின் இஸ் நாட் ஒர்க்கிங்’ என்பது சரி. அங்கே அது பெயர்ச்சொல், ஆகவே சேர்த்து எழுதலாம். வினையாக வரும்போது பிரித்தும், பெயராக வரும்போது சேர்த்தும் எழுதுவது நல்ல ஆங்கிலத்தில் காணும் வழக்கம். ஐயம் வந்தால் நடுவில் ஒரு சொல்லைச் செருகிப் பாருங்கள். ‘ஷீ லாக்ட் மீ இன்’ என்று ‘மீ’ உள்ளே போகிறது. ஆகவே அது இரண்டு சொல்.

‘ஐ லாக்ட் இன் த வெப்சைட்’ என்பதில் ‘டு’ விடுபட்டிருக்கிறது. ‘லாக்ட் இன் டு த வெப்சைட்’ என்று எழுதுங்கள். ‘இன்டு’ என்று ஒட்டி எழுதுபவர்களும் உண்டு, தேர்வில் பிரித்து எழுதுவதே பாதுகாப்பு.

கடைசி வாக்கியம், ‘மை பிரதர் ஃபர்காட் டு லாக் அவுட்’. இதில் திருத்த ஒன்றும் இல்லை. உங்கள் தம்பி எந்த மையத்தில் கணக்கைத் திறந்து வைத்துவிட்டு வந்தாரோ, அந்தக் கடவுச்சொல்லை இன்றே மாற்றச் சொல்லுங்கள்.